குளத்துப் பாசியும் குறிப்பேட்டு வாய்மையும்

உடம்பின் அழுக்கைப் போக்க நீர் இருக்கிறது. உள்ளத்தின் அழுக்கைப் போக்கப் பொய்யாமை இருக்கிறது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே வைத்துச் சென்றார். அக்குறளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் கற்பித்து வருகிறேன். கற்பிக்குந்தோறும் ஒரு வினா என் நெஞ்சில் எழும். உடம்பை நீர் கழுவும். அந்த நீரைக் கழுவுவது எது? நூறு பேர் இறங்கிக் குளித்த நீரில் நூற்றோராவது ஆளாக ஒரு குழந்தையை நிறுத்தி, 'அஞ்சாதே, இறங்கு' என்கிறோமே, எந்தத் துணிவில் அப்படிச் சொல்கிறோம்?

இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் லிட்டில் இந்தியாவிற்குப் பக்கத்திலேயே இருந்து மறைந்த ஒரு குளத்தின் கதையிலிருந்து தொடங்கலாம்.

எமிலி மலைக் குளம்

தேக்கா அங்காடியை விட்டு மெக்கன்சி சாலைப் பக்கமாகத் திரும்பி மேடேறினால், எமிலி மலை என்னும் சிறு குன்று வரும். இன்று அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. மாலை வேளையில் முதியோர் நடக்கின்றனர், காதலர் அமர்ந்திருக்கின்றனர். அந்தப் பூங்காவிற்கு ஒரு நூற்றாண்டு நீரின் வரலாறு உண்டு என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிங்கப்பூர் நகரம் கிணற்று நீரையும் ஊற்று நீரையும் நம்பியே வாழ்ந்தது. மாட்டு வண்டிகளில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் விற்ற காலம் அது. சைனா டவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்கே 'தண்ணீர் வண்டி' என்பதுதான் பொருள். நகர மக்களுக்கு நல்ல நீர் கிடைக்க வேண்டும் என்று 1857-ஆம் ஆண்டில் தான் கிம் செங் என்னும் வணிகப் பெருமகனார் 13,000 வெள்ளி அளித்தார். தாம்சன் சாலையருகே நீர்த்தேக்கம் உருவாயிற்று. அதுவே பிற்காலத்தில் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் என்று பெயர் பெற்றது. அங்கிருந்து வந்த நீரை ஏற்றி வைத்து நகருக்குப் பகிர்ந்தளிக்க உயரமான இடம் ஒன்று வேண்டுமன்றோ? அதற்கென எமிலி மலையில் 1878-ஆம் ஆண்டில் நீர்த்தொட்டி அமைக்கப்பட்டது. குன்றின் உயரமே விசையாக நின்று, தாழ்ந்திருந்த நகருக்கு நீரை அனுப்பியது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1929-இல் கேனிங் கோட்டைக் குன்றின்மேல் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று எழுந்தது. எமிலி மலைத் தொட்டியின் பணி முடிந்தது. முடிந்த தொட்டியை என் செய்வது? இடிக்காமல், நகராண்மைக் கழகத்தார் அதனை நீச்சற் குளமாக மாற்றினர். 1931-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அது திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதற் பொது நீச்சற் குளம் என்னும் சிறப்பு அதற்கே உரியது.

'பொது' என்னும் சொல்லை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அதற்கு முன்பும் இத்தீவில் நீந்துவோர் இருந்தனர். தஞ்சோங் ரூவில் 1894-இல் தோன்றிய சிங்கப்பூர் நீச்சற் கழகம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. மற்றவர்க்குக் கடல் இருந்தது. சுறாவுக்கு அஞ்சிக் கடற்கரையோரம் மரக்கழிகளை நட்டு அடைத்த 'பாகார்' இருந்தது. நகரின் நடுவே, உறுப்பினர் அட்டை இன்றி ஒருவர் சென்று இறங்கக்கூடிய தெளிந்த நீர் இல்லை. எமிலி மலை அதனைத் தந்தது. அதற்குப் பின் 1952-இல் தஞ்சோங் பகாரில் யான் கிட் குளமும், 1957-இல் நம் சிராங்கூன் வட்டாரத்து ஃபேரர் பார்க் குளமும் வந்தன. வீடமைப்புப் பேட்டைகள் எழுந்தபோது அவற்றோடு குளங்களும் எழுந்தன.

தூய்மை எனப்படுவது யாது?

எமிலி மலைக் குளம் திறக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது தகும். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், மராட்டிய நாட்டு மகாட் என்னும் ஊரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று, சவதார் என்னும் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். சட்டப்படி அது எல்லார்க்கும் உரிய குளம். வழக்கப்படி ஒடுக்கப்பட்டோர் தீண்டக் கூடாத குளம். அவர்கள் சென்ற பின், சாதி மேலோர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோர் குளம் தீட்டுப்பட்டது என்று சொல்லிப் பால், தயிர், கோமயம், கோமியம் ஆகியவற்றைக் குடங்களில் கொணர்ந்து ஊற்றித் 'தூய்மை' செய்தனர்.

எண்ணிப் பாருங்கள். உண்மையில் அந்த நீரைக் கெடுத்தது எது? பருகிய கைகளா, ஊற்றிய குடங்களா? எட்டாம் வகுப்பு அறிவியல் மாணவனும் விடை சொல்வான். சாணத்தில் கிருமி உண்டு. மனிதனின் பிறப்பில் கிருமி இல்லை. நீரின் தூய்மையைப் பிறப்பால் அளந்த காலத்திலிருந்து, அதனைக் கண்ணாடிக் குப்பியில் அளக்கும் காலத்திற்கு மனித இனம் நடந்து வந்த வழியே நான் கூறப்புகுந்த வரலாறு. குளோரினுக்குக் குலம் தெரியாது. அது துரையின் வியர்வையையும் தோட்டியின் வியர்வையையும் ஒன்றாகவே எரிக்கும்.

பாசியின் இயல்பு

சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னை ஒருமுறை எமிலி மலைக் குளத்திற்கு அழைத்துச் சென்றார். அஃது 1980-ஆம் ஆண்டு. குளம் மூடப்படுவதற்கு ஓராண்டு முன்பு. தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். குளத்திலே நீந்தி வளர்ந்தவர். அவர் நீரில் இறங்கவில்லை. கரையில் குந்தியமர்ந்து, கையை நீருக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு விரல்களை முகர்ந்தார். "என்ன தம்பி இது? எங்கள் ஊர்க் குளத்தில் படியெல்லாம் பாசியாக இருக்கும். கால் வைத்தால் வழுக்கும். இங்கே இத்தனை பேர் குளிக்கிறார்கள், ஒரு பொட்டுப் பச்சை இல்லையே! ஏதோ மருந்து வாடை மட்டும் வருகிறது" என்றார். அந்த வியப்பு இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

பாசியைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையில் பரணர், பிரிவால் தலைவியின் மேனியிற் படரும் பசலைக்கு ஊரார் நீருண்ணும் கேணித்துறையின் பாசியை உவமை கூறுகிறார். தலைவன் தொட்ட இடத்தில் பசலை விலகுகிறது; கையை எடுத்தவுடன் மீண்டும் பரவுகிறது. நீர்த்துறையில் குடத்தால் பாசியை விலக்கி நீர் முகந்த எவரும் இவ்வுண்மையைக் கண்டிருப்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பரணர் கண்ட அந்த இயல்புதான் இன்றைய குளப் பராமரிப்பின் முதற் பாடம். பாசியை ஒருமுறை வென்றுவிட்டோம் என்று எவரும் சொல்ல இயலாது. கை இருக்கும்வரை அது விலகி நிற்கும்; கை எடுத்தால் வரும்.

பாசிக்கு வேண்டுவன நான்கே: ஒளி, வெம்மை, நீர், சிறிது உணவு. சிங்கப்பூரில் இந்நான்கிற்கும் குறைவேது? குளிர்நாட்டார் தம் வீட்டுக் கொல்லையில் அமைத்த குளத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவர். பாசியும் அடங்கிக் கிடக்கும். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடை. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, தூசியையும் இலைச் சருகையும் பாசி வித்துகளையும் குளத்திற்குள் கொண்டு வந்து சேர்ப்பதோடு, இட்ட மருந்தையும் நீர்க்கச் செய்கிறது. குளிப்பவரின் வியர்வையும் மேனிப்பூச்சும் பாசிக்கு உரமாகின்றன. இரண்டு நாள் மழையும் மூன்றாம் நாள் வெயிலும் போதும், கவனியாத குளம் பச்சை பூக்க.

பாசியிலும் வகை உண்டு. நீரெங்கும் மிதந்து நிறத்தை மாற்றுவது பச்சைப் பாசி. நிழல் விழும் சுவரில் மஞ்சள் தூள்போல் படிவது ஒன்று. சிமெண்டுப் பூச்சின் நுண்துளைகளில் பற்றிக்கொண்டு கரும்புள்ளியாகத் தோன்றுவது இன்னொன்று. இந்தக் கரும்புள்ளி மேற்புறம் வழவழப்பான உறை போர்த்தது. தூரிகையால் தேய்த்து உறையைக் கிழித்தாலன்றி மருந்து உள்ளே செல்லாது.

குளோரின் வந்த வழி

குளோரின் வாயுவை 1774-இல் சுவீடன் நாட்டு ஷீலே கண்டறிந்தார். அது ஒரு தனிமம் என்று 1810-இல் நிறுவிப் பெயரிட்டவர் ஆங்கில அறிஞர் டேவி. முதலில் அதனைக் கொண்டாடியவர்கள் துணி வெளுப்போரே. 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லசு டெனன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். துணியின் கறையைப் போக்கியது நீரின் கிருமியைப் போக்கும் என்று உலகம் அறிய மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

இக்கதையில் இந்திய மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்த நெஸ்ஃபீல்டு என்னும் படைமருத்துவர், குளோரினை அழுத்தி நீர்மமாக்கி உருளையில் அடைத்துக் குடிநீரைத் தூய்மை செய்யலாம் என்று 1903-இல் எழுதி வெளியிட்டார். 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நச்சுக் காய்ச்சல் பரவியபோது, நகரின் நீர்வழங்கலிலேயே குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலந்தனர். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அம்முறையை நிலையாக மேற்கொண்டது. அங்கே முன்னின்ற மருத்துவர் ஜான் லீல், குடிநீரில் குளோரின் சேர்மம் கலந்தது பற்றி நீதிமன்றத்தில் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. நஞ்சுதான், ஆனால் அளவறிந்து இட்டால் அதுவே மருந்து. அளவு தவறினால் என்னவாகும் என்பதை 1915 ஏப்பிரல் 22-ஆம் நாள் பெல்ஜிய நாட்டு ஈப்ரே போர்க்களத்தில் உலகம் கண்டது. அங்கே அதே குளோரின் மஞ்சட் பச்சை முகிலாக ஊர்ந்து சென்று வீரர்களின் மூச்சை அடக்கியது.

குளங்களுக்குக் குளோரின் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? இங்கிலாந்தின் பொதுக் குளிப்பகங்களில் வாரந்தோறும் நீரை மாற்றுவர். புது நீர் விட்ட நாளில் கட்டணம் மிகுதி. நாள் செல்லச் செல்ல நீரும் கலங்கும், கட்டணமும் குறையும். ஏழை, கடைசி நாளின் கலங்கல் நீரில் மலிவாகக் குளித்தான்! நீரை இறைத்துச் சுழற்றி மணற்படுகையில் வடிகட்டிக் குளோரின் இட்டுத் திரும்ப விடும் முறை வந்த பிறகே முதல் நாளின் நீரும் கடைசி நாளின் நீரும் ஒன்றாயின. பணக்காரன் நீர், ஏழை நீர் என்னும் வேறுபாட்டை அறிவியல் அமைதியாக அழித்தது.

அளந்து அறிதல்

குளோரினை நீரில் இட்டால் அது இரண்டு வடிவங்களாகப் பிரிகிறது. ஒன்று வீரியமிக்க ஐப்போகுளோரசு அமிலம். கிருமியையும் பாசியையும் கொல்வது பெரும்பாலும் இதுவே. மற்றொன்று மந்தமான ஐப்போகுளோரைட்டு. இவற்றுள் எது மிகும் என்பது நீரின் அமில காரநிலையைப் பொறுத்தது. அதனைப் பி.எச். அளவு என்பர். பி.எச். 7.5 ஆக இருக்கையில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. அது 8-க்கு ஏறினால் வீரியமுள்ள பகுதி கால் பங்காகச் சுருங்கிவிடும். குளோரின் இட்ட அளவு குறையவில்லை. அதன் கைதான் கட்டப்பட்டது. பாசி பகல் முழுவதும் நீரிலுள்ள கரியமில வாயுவை உண்கிறது, அதனால் பி.எச். ஏறுகிறது, குளோரினின் வலிமை குறைகிறது, பாசி மேலும் வளர்கிறது. பகைவனின் படைக்கலத்தை மழுக்கிவிட்டுப் போரிடும் தந்திரம் இந்தச் சிற்றுயிருக்கும் தெரிந்திருக்கிறது!

ஆதலால் குளத்தைக் காப்பவர் இரண்டையும் அளக்க வேண்டும். பி.எச். 7.2 முதல் 7.8 வரை; தனித்து நிற்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை; இவையே பரவலாகக் கொள்ளப்படும் அளவுகள். முன்பு, நீரில் சில துளி மருந்திட்டு மஞ்சள் நிறம் தோன்றுவதைக் கொண்டு குளோரினை அளந்தனர். 1957-இல் ஆங்கில வேதியியலார் பேலின் வகுத்த டி.பி.டி. முறையில் நீர் இளஞ்சிவப்பாகும். சிவப்பு அடர்ந்தால் குளோரின் மிகுதி; வெளிறினால் குறைவு. இதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் அளவு கடந்து மிகுந்திருந்தால், அது தோன்றிய நிறத்தையே வெளுத்துவிடும். நிறமின்மையைக் கண்டு 'குளோரின் இல்லை' என்று எண்ணிப் புதியவர் மேலும் கொட்டுவார். ஐயம் வந்தால், குளத்து நீருடன் நல்ல நீர் கலந்து மறுபடியும் அளப்பதே முறை.

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் சராசரி ஆழம் உள்ள வீட்டுக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 48,000 லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினை உயர்த்த 48 கிராம் போதும். 65 விழுக்காட்டுத் தூளாயின் ஏறத்தாழ 74 கிராம். ஒரு கைப்பிடியளவு! 48,000 லிட்டரின் நலம் அந்தக் கைப்பிடியில் அடங்கியிருக்கிறது. அதையும் நாள்தோறும் இட வேண்டும். ஏனெனில் காப்புப்பொருள் கலவாத குளோரினின் பெரும்பகுதியை நண்பகல் வெயில் இரண்டு மணி நேரத்தில் அழித்துவிடும். சயனூரிக் அமிலம் என்னும் பொருளைச் சிறிது கலந்தால் அது குளோரினுக்குக் குடைபோல் நிற்கும். குடை பெரிதானாலோ, குளோரினின் வேலையும் தடைப்படும்.

குளம் பச்சையாகிவிட்டால் என் செய்வது? முதலில் பி.எச். அளவை 7.2 அளவிற்குத் தாழ்த்த வேண்டும். சுவரையும் தரையையும் தூரிகையால் தேய்க்க வேண்டும். வெயில் தணிந்த மாலையில் வழக்கத்தினும் பத்து மடங்கு குளோரின் இட்டு, இரவு முழுவதும் வடிகட்டியை ஓட விட வேண்டும். விடியற்காலையில் அளந்து பார்த்தால், வெயிலே படாதபோதும் குளோரின் பெரிதும் குறைந்திருக்குமாயின் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது பொருள். குறையாத நாள் வரும்வரை மறுபடியும் செய்ய வேண்டும். மயில்துத்தமும் பாசியைக் கொல்லும். 1904 முதலே நீர்த்தேக்கங்களில் அதனை இட்டிருக்கின்றனர். எனினும் அளவு மிகுந்தால் செம்பு சுவரில் கறையாகும், வெளிர்முடியைப் பச்சையாக்கும். மருந்துகளைக் கையாளுகையில் இரண்டு விதிகள் உயிர்போன்றவை: மருந்தை நீரில் இட வேண்டுமேயன்றி மருந்தின்மேல் நீரை ஊற்றக் கூடாது, அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் ஈப்ரேயின் அந்த முகில் நம் கொல்லையிலேயே எழும்.

என் தந்தையார் முகர்ந்த 'மருந்து வாடை' பற்றியும் ஒரு சொல். அது தூய குளோரினின் மணமன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமைன்களின் நெடி அது. கண் எரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நெடி மிகுந்த குளத்தைப் 'பலத்த மருந்திட்ட தூய குளம்' என்று எண்ணுவது பிழை. அங்கே வேலை செய்யக்கூடிய குளோரின் பற்றாமலும் இருக்கலாம்.

ஒரு குறிப்பேட்டின் கதை

இதுவரை கூறியவை நூல்களிற் காணக்கூடியவை. இனிக் கூறப்போவது நூலில் இல்லாதது.

ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பணியிற் சேர்ந்த புதிது, 1990-களின் தொடக்கம். தொடக்கப்பள்ளி மாணவர் நாற்பது பேரை நீச்சல் வகுப்பிற்காக ஒரு குளத்திற்கு அழைத்துச் சென்றேன். அது எந்த இடம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. நெடி மட்டும் மூக்கைத் துளைத்தது. சுவரில் ஒரு குறிப்பேடு தொங்கியது. ஆசிரியனின் கண் ஏட்டைக் கண்டால் சும்மா இருக்குமா? புரட்டினேன். திங்கள்: 7.4, 2.0. செவ்வாய்: 7.4, 2.0. அந்த மாதம் முழுவதும் அதே எண்கள். ஒரே மையில், ஒரே சாய்வில். நாங்கள் சென்றது புதன்கிழமை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் உரிய வரிகளும் நிரப்பப்பட்டிருந்தன!

காவல் இருந்த முதியவரிடம் கேட்டேன். அவர் தலைகுனிந்தார். "வாத்தியாரே, நான் ஒருத்தன். மூன்று குளம் பார்க்கிறேன். சோதனை மருந்து தீர்ந்து பத்து நாள் ஆகிறது. கேட்டால், எழுதி வை என்கிறார்கள்" என்றார். அவர் குரலில் இருந்தது சோம்பல் அன்று; களைப்பு. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு இரங்குவதாக எண்ணி ஏட்டை மூடிவிட்டு மாணவரை நீரில் இறக்கினேன். பள்ளிக்குத் திரும்பியதும் நானும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 'குளத்தின் நிலை' என்னும் கட்டத்தில் 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த வாரம் சென்றபோது படிக்கட்டின் நிழற்பக்கத்தில் மெல்லிய வழுக்கல் படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, காலுக்குத் தெரிந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வழுக்கி விழுந்தாள். முகவாய் கிழிந்து நான்கு தையல் போட்டனர். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் தாயார் என்னைக் குறைகூறவில்லை. "பிள்ளைகள் ஓடினால் விழத்தானே செய்வார்கள், சார்" என்றார். அவள் ஓடவில்லை. நான் சொன்னபடி வரிசையில் நின்று, மெல்ல இறங்கினாள். இதனை அந்தத் தாயாரிடம் சொல்லும் துணிவு அன்று எனக்கு வரவில்லை.

அந்த முதியவர் எழுதிய 2.0 பொய். அவரை அப்படி எழுதச் சொன்னவர்கள் செய்தது அதனினும் பெரிய பிழை. ஆனால் நான் எழுதிய 'நன்று' என்னும் சொல்லுக்கு எந்த மேலதிகாரியும் என்னைத் தூண்டவில்லை. தடவிப் பார்க்காத சுவரைப் பற்றி நானே கையொப்பமிட்டேன். தஞ்சைச் சிற்றூரில் பிறந்த என் தந்தையார், எழுத்தறிவு குறைந்தவர், கையை நீருக்குள் விட்டுத் தடவிப் பார்த்த பின்பே என்னை இறங்க விட்டார். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் தாளைத்தான் பார்த்தேன்.

ரியோவில் ஒரு பச்சைக் குளம்

இத்தகைய பிழை சிறு குளங்களுக்கு மட்டும் உரியதன்று. 2016-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பிரேசிலின் ரியோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. நம் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 50.39 விநாடியில் நீந்தி, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்ததை மறப்போமா? அவர் வென்ற அதே வாரத்தில், அதே நகரில், முக்குளிப்புப் போட்டிக்குரிய குளம் பச்சையாகிவிட்டது. அடுத்திருந்த நீர்ப்பந்துக் குளமும் நிறம் மாறியது. உலகமே தொலைக்காட்சியில் கண்டு நகைத்தது.

காரணம் பின்னர் வெளிவந்தது. தொடக்க விழா நாளான ஆகத்து 5-ஆம் நாள், ஒப்பந்தக்காரர் ஒருவர் 160 லிட்டர் ஐதரசன் பெராக்சைடை நீரில் ஊற்றிவிட்டார். தனித்து நின்றால் அதுவும் தூய்மை செய்யும் பொருளே. குளோரினோடு சேர்ந்தாலோ இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நல்லவர் இருவர் ஒன்றுகூடி ஒரு வேலையும் நடவாமற் செய்துவிடும் சங்கங்களை நாம் அறியோமா! இதனினும் வியப்பு ஒன்றுண்டு. மின்னணு அளவுமானி குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. எண் சரியாக இருந்தது. நீர் பச்சையாக இருந்தது. இறுதியில் அங்கே வேறொரு குளத்திலிருந்து ஏறத்தாழ 37 இலட்சம் லிட்டர் தெளிந்த நீரைக் கொணர்ந்தே ஒத்திசை நீச்சற் போட்டியை நடத்தினர்.

முதியவரின் குறிப்பேடும் ரியோவின் மின்னணு மானியும் நமக்குச் சொல்வது ஒன்றே. எண் என்பது நீரன்று. நீரைப் பற்றிய ஒரு சொல். அந்தச் சொல் மெய்யா என்று பார்க்கக் கண்ணும் கையும் வேண்டும். அதற்கும் மேலாக, மெய்யல்லாதபோது 'அன்று' என்று சொல்லும் நெஞ்சும் வேண்டும்.

முடிவாக

எமிலி மலைக் குளம் 1981-இல் மூடப்பட்டது. யான் கிட் குளம் 2001-இலும், ஃபேரர் பார்க் குளம் 2003-இலும் அதனைப் பின்தொடர்ந்தன. குளங்கள் மறைந்தாலும் நீந்தும் மக்கள் மறையவில்லை. இன்று பொதுக் குளங்கள் பேட்டைதோறும் இருக்கின்றன. கூட்டுரிமை வீடுகளுக்குள் குளங்கள் இருக்கின்றன. வசதி படைத்தோர் கொல்லையிலும் இருக்கின்றன. விடியற்காலையில் அவ்வழியே நடப்போர், நீண்ட கழியில் தூரிகை கட்டிச் சுவரைத் தேய்க்கும் ஊழியரைக் காணலாம். அவர் தேய்ப்பதை நிறுத்திக் குனிந்து சிறு குப்பியில் நீர் முகந்து, வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் அன்றைய குழந்தைகளின் நலம் முடிவாகிறது. அவருக்குச் சோதனை மருந்து தீராமல் கிடைக்கிறதா, உண்மையை எழுதினால் ஏச்சு விழாமல் இருக்கிறதா என்று கேட்பது குளத்தில் இறங்கும் ஒவ்வொருவரின் கடமை. களைத்தவனிடம் வாய்மையை மட்டும் கேட்டு, வாய்மைக்கு வேண்டிய நேரத்தைக் கொடாதவர் அவனது பொய்யில் பங்குடையவரே.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் மாணவரை நான் குளத்திற்கு அழைத்துச் சென்ற நாள்களில், குறிப்பேட்டைப் பார்ப்பதற்கு முன் முழங்கையை நனைத்துச் சுவரைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டேன். இன்று என் பள்ளியில் இளம் ஆசிரியர் படிவத்தில் 'நன்று' என்று எழுதிக் கொண்டுவந்தால், "தொட்டுப் பார்த்தீர்களா?" என்று ஒரு வினா கேட்கிறேன். 'நன்றாக இல்லை' என்று எழுதி வருபவரை அமர வைத்து நன்றி கூறுகிறேன்.

உடம்பைக் கழுவும் நீரைக் கழுவுவது எது என்று தொடக்கத்தில் கேட்டேன். குளோரின் என்பது வேதியியலாரின் விடை. அந்தக் குளோரினை அளந்தவர் அளந்தபடியே எழுதினாரா என்பதில் முழு விடை அடங்கியிருக்கிறது. வள்ளுவர் இரு தூய்மைகளையும் ஒரே குறளில் அடக்கியதன் பொருத்தம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின; ஒரு சிறுமியின் முகவாயில் நான்கு தையல்களும் ஆயின. பரணர் கண்ட பாசி இன்னும் காத்திருக்கிறது. அது நீரில் மட்டும் படர்வதன்று. கை எடுத்த இடமெல்லாம் அது மீண்டும் வரும்.